படர்தாமரைக்குக் கடையில் வாங்கிய களிம்பு: எட்டு மாதமாகியும் ஏன் குணமாகவில்லை?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் அயர்ன் பிரிவில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். வயது 41. சென்ற சித்திரை மாதம் என் வலது தொடை இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் சிவந்து, ஓரம் மட்டும் பொரிப்பொரியாக எழும்பிய ஒரு படை வந்தது. நீராவிக்கு நடுவே பத்து மணி நேரம் வேர்வையில் நிற்கிற வேலை என்பதால் வேர்க்குருவாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். அரிப்புத் தாங்க முடியாமல் போனபோது தெருமுனை மருந்துக்கடையில் சொன்னேன். படர்தாமரை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார்கள். பூசிய அன்று இரவே அரிப்பு அடங்கியது. ஒரு வாரத்தில் சிவப்பும் மறைந்தது. நிறுத்திய பத்தாம் நாள் அதே இடத்தில், முன்பைவிட அகலமாக வந்தது. மறுபடி வாங்கினேன், மறுபடி மறைந்தது, மறுபடி வந்தது.

இப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. டியூப் கணக்கு வைக்கவில்லை, பதினைந்துக்குக் குறையாது. இப்போது இரண்டு தொடைகளிலும், இடுப்பைச் சுற்றியும், பின்புறத்திலும் பரவியிருக்கிறது. முன்பு போலத் தெளிவான வட்டமாகவும் இல்லை. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாகத் தெரிகிறது. தொடை இடுக்கில், பிள்ளை பெற்ற பெண்களின் வயிற்றில் இருப்பதைப்போல, நீளநீளமாகக் கோடுகள் விழுந்திருக்கின்றன. மனைவிக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் வந்துவிட்டது. ஒன்பது வயது மகனுக்குக் கழுத்தில் இரண்டு வட்டங்கள். இரத்தம் கெட்டிருக்கிறது என்று அம்மா சொன்னதால் மூன்று மாதமாகக் கத்திரிக்காயும் கருவாடும் வீட்டில் சமைப்பதில்லை. பயன் ஒன்றும் இல்லை. இது இரத்தத்தில் இருக்கும் நோய்தானா? எங்கே தவறு செய்கிறோம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பொதிகைச்சாரல் எழுதியது:

சகோதரரே, நான் தோல் மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தென்மாவட்டங்களில் பணியாற்றி வருகிறேன். உங்கள் பதிவில் உள்ள ஒவ்வொரு வரியையும் என் அறையில் நாள்தோறும் யாராவது ஒருவர் சொல்லக் கேட்கிறேன். விடை எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த டியூபை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் என்னென்ன மருந்துகள் இருக்கின்றன என்று பார்த்து அப்படியே இங்கே எழுதுங்கள். விற்பனைப் பெயர் வேண்டாம், உள்ளே இருப்பவை மட்டும் போதும்.

நொய்யல்கரை எழுதியது:

மகளைப் படிக்கச் சொல்லி எழுதினேன் அம்மா. நான்கு பெயர்கள் உள்ளன: குளோபெட்டசால் புரோப்பியோனேட், ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின்.

பொதிகைச்சாரல் எழுதியது:

நான் நினைத்ததுதான். இந்த நான்கில் உங்கள் நோய்க்கு வேண்டியது கடைசியில் உள்ள டெர்பினாஃபின் ஒன்றுதான். அதுதான் பூஞ்சைக்கு எதிரான மருந்து. ஆஃப்லாக்சசின் பாக்டீரியாவுக்கானது, ஆர்னிடசோல் வேறு வகைக் கிருமிகளுக்கானது. படர்தாமரையில் இந்த இரண்டுக்கும் வேலையே இல்லை. முதலில் எழுதியிருக்கிறதே குளோபெட்டசால், அது ஸ்டீராய்டு, அதாவது அழற்சியையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை வலிமைப்படி அடுக்கினால் உச்சியில் இருக்கும் வகுப்பைச் சேர்ந்தது. உங்களுக்கு முதல் நாள் இரவே அரிப்பு அடங்கியதற்கும் அதுவே காரணம், எட்டு மாதம் நோய் வளர்ந்ததற்கும் அதுவே காரணம்.

எப்படி என்று சற்று விளக்கமாகச் சொல்கிறேன். படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை இரத்தத்தில் வாழ்வதில்லை. தோலின் மேல்மட்டத்தில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று அங்கேயே வாழ்கிறது. நகத்திலும் முடியிலும் அதே புரதம் இருப்பதால் அங்கும் குடியேறும். கத்திரிக்காய்க்கும் கருவாட்டுக்கும் இதில் பங்கு கிடையாது, நீங்கள் தாராளமாகச் சாப்பிடலாம். சிவப்பும் தடிப்பும் அரிப்பும் பூஞ்சையின் வேலை அல்ல, அதை விரட்ட உங்கள் உடல் நடத்தும் சண்டை. பூஞ்சை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவ, சண்டை எல்லையில் மும்முரமாக நடக்கும், நடுப்பகுதி ஆறிக்கொண்டே வரும். அதனால்தான் வளையமாகத் தெரிகிறது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. வெளியே சிவப்பு இல்லை, அரிப்பு இல்லை, நமக்கு நிம்மதி. உள்ளே பூஞ்சைக்கும் நிம்மதி. மருந்தை விட்டதும் உடல் விழித்துக்கொண்டு மறுபடி எதிர்க்கும்போது, அதற்குள் பூஞ்சை பிடித்துவைத்திருக்கும் இடம் முழுவதும் சிவக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட வளையத்துக்குள் வளையம், இப்படி விட்டுவிட்டுப் பூசியவர்களின் உடலில் நாங்கள் வழக்கமாகக் காண்பது. ஸ்டீராய்டு பூசியதால் அடையாளமே மாறிப்போன படர்தாமரைக்கு மருத்துவ நூல்களில் தனிப் பெயரே உண்டு; 1968ஆம் ஆண்டிலேயே அதை விவரித்து எழுதிவிட்டார்கள். எனவே இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, தெரிந்தே நடக்கிற கேடு.

தொடை இடுக்கில் விழுந்த கோடுகளைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோலின் உட்பகுதியில் உள்ள நார்கள் மெலிந்து அறுந்ததால் வந்தவை அவை. நாளடைவில் சிவப்பு மங்கும். கோடு முற்றிலும் மறையாது. தொடை இடுக்கு, அக்குள் போன்ற மடிப்புகளில் தோல் மெல்லியது, எப்போதும் மூடியே இருப்பது. அங்கே மருந்து அதிகமாக உறிஞ்சப்படும். உங்கள் மகனின் கழுத்தில் அந்தக் களிம்பை இன்றே நிறுத்திவிடுங்கள். குழந்தைகளின் தோல் வழியாக ஸ்டீராய்டு உடலுக்குள்ளும் செல்லும்.

வைகைவாசி எழுதியது:

அம்மா எழுதியதைப் படித்தபின் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. நான் டி.பார்ம் படித்தவன், மதுரைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பதினோரு ஆண்டுகள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றவன். இப்படிப்பட்ட களிம்புகளை நானே எண்ணிக்கையில்லாமல் விற்றிருக்கிறேன். கடைக்கு வருகிறவர் பெரும்பாலும் அரிப்பைக் காட்டமாட்டார், கூச்சப்பட்டுக்கொண்டு மெல்லச் சொல்வார், உடனே கேட்க வேண்டும் என்பார். பூஞ்சைக்கு மட்டுமான களிம்பைக் கொடுத்தால் நான்கு நாளில் திரும்பி வந்து, 'போன தடவை கொடுத்ததுதான் நன்றாகக் கேட்டது, அதையே கொடுங்கள்' என்று கேட்பார். கலவைக் களிம்பைக் கொடுத்தால் மறுநாளே நல்ல பெயர். அந்த நல்ல பெயருக்காக நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூசும் மருந்துதானே என்று நீண்ட காலமாக இவற்றுக்குச் சலுகை இருந்தது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018ஆம் ஆண்டில் 14 ஸ்டீராய்டுகளின் பூச்சு மருந்துகளையும் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணைக்குள் மத்திய அரசு கொண்டுவந்தது. சில கலவைகளுக்குத் தடையும் வந்தது. ஆனாலும் வெவ்வேறு சேர்க்கைகளில் களிம்புகள் வந்துகொண்டேயிருக்கின்றன, சீட்டு இல்லாமல் கேட்டாலும் கிடைக்கின்றன. டியூபின் மேல் 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் அது சீட்டு வேண்டிய மருந்து. உள்ளே உள்ளவற்றில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் என்று எதைக் கண்டாலும் ஸ்டீராய்டு என்று புரிந்துகொள்ளுங்கள். 'சோன்' என்றோ 'சால்', 'சோல்' என்றோ முடியும் பெயரெல்லாம் ஸ்டீராய்டு என்று சிலர் சொல்லித்தருகிறார்கள், அது பிழை. குளோட்ரிமசோல், லூலிகோனசோல் போன்றவை பூஞ்சை மருந்துகள். முழுப் பெயரைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

நொய்யல்கரை எழுதியது:

வைகைவாசி அண்ணா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் 'அதையே கொடுங்கள்' என்று கேட்டு வாங்கியவன்தான். டாக்டர் அம்மாவிடம் ஒரு கேள்வி. கலவையில் டெர்பினாஃபினும் இருந்ததே, பதினைந்து டியூப் பூசியும் அது ஏன் பூஞ்சையைக் கொல்லவில்லை? அப்படியானால் இனி எந்த மருந்துதான் கேட்கும்?

பொதிகைச்சாரல் எழுதியது:

சரியான கேள்வி. இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது, அளவு. ஆட்காட்டி விரலின் கடைசி மடிப்பிலிருந்து நுனி வரை ஒரு கோடு களிம்பு பிதுக்கினால் சுமார் அரை கிராம் வரும். அது விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். உங்களுக்கு இரண்டு தொடை, இடுப்பு, பின்புறம் சேர்த்துக் குறைந்தது ஆறு உள்ளங்கை அளவு இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு ஒன்றரை கிராம், இரண்டு வேளைக்கு மூன்று கிராம். 15 கிராம் டியூப் ஐந்தே நாளில் தீர்ந்துவிட வேண்டும். எட்டு மாதத்துக்குப் பதினைந்து டியூப் என்றால் ஒரு டியூப் இரண்டு வாரத்துக்கு மேல் வந்திருக்கிறது. பூஞ்சையைக் கொல்லப் போதாத அளவில், அரிப்பை மறைக்கப் போதுமான அளவில் பூசியிருக்கிறீர்கள். மேலும், சிவப்பு மறைந்ததும் நிறுத்திவிட்டீர்கள். பூஞ்சைக்கான களிம்பைத் தடிப்பின் ஓரத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளி நல்ல தோலிலும் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடர வேண்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு உறக்கம் கெடுக்கிற விஷயம். நான் படிக்கும் காலத்தில் நம் நாட்டில் படர்தாமரைக்குப் பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை காரணமாக இருந்தது. இரண்டு வாரம் மருந்து எடுத்தால் போய்விடும். கடந்த பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அதன் இடத்தை வேறொரு பூஞ்சை பிடித்துக்கொண்டது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் சென்ற நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சையை ஜப்பானில் ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயரையே சுமந்துகொண்டு அது பல நாடுகளுக்குப் போய்விட்டது. 2023ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டறிந்ததை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. பூஞ்சை தன் செல்சவ்வைக் கட்டுவதற்கு ஒரு நொதி தேவை. அந்த நொதியைத் தடுப்பதுதான் டெர்பினாஃபினின் வேலை. இந்தப் புதிய பூஞ்சையில் பலவற்றில் அந்த நொதிக்கான மரபணு மாறியிருப்பதால் மருந்து அதில் பற்றுவதில்லை. அரைகுறை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் இது இவ்வளவு பரவ இடம்கொடுத்தன என்பதே எங்களில் பெரும்பாலோரின் கருத்து.

கேட்கும் மருந்து இருக்கிறது, அஞ்ச வேண்டாம். உங்களைப் போலப் பல இடங்களில் பரவியவர்களுக்குப் பூச்சு மட்டும் போதாது. இட்ரகோனசோல் போன்ற மாத்திரையும் சேர்த்து, பல வாரங்கள், சிலருக்கு இரண்டு மாதத்துக்கு மேலும் தர வேண்டியிருக்கும். அளவை இங்கே எழுதமாட்டேன். அதற்குக் காரணம் உண்டு. இதய பலவீனம் உள்ளவர்களுக்கு இட்ரகோனசோல் ஆபத்து. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடு சேரக்கூடாது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை. கல்லீரல் பரிசோதனை பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல இது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால், சாப்பாடு முடித்த கையோடு விழுங்குங்கள். நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சேர்த்து எடுக்காதீர்கள், அமிலம் குறைந்தால் இது உடலில் சேராது.

போகும்போது ஒன்று கேளுங்கள்: தோலைச் சுரண்டிப் பார்க்கும் பரிசோதனை. படையின் ஓரத்தை மழுங்கிய கத்தியின் விளிம்பால் மெல்லத் தேய்த்தால் மாவு போலச் செதில் உதிரும். அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் சற்று நேரத்தில் தோல் செல்கள் கரைந்து தெளியும். நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணாடியில் விழுந்த நூல் துணுக்குகளைப் போல, கணுக்கணுவாகக் கிளைபிரிந்த பூஞ்சை இழைகள் தெரியும். கால் மணி நேர வேலை, செலவும் அதிகமில்லை. ஸ்டீராய்டு பூசிக் குழம்பிப்போன படைகளுக்கு இதுதான் நம்பகமான சாட்சி.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

வணக்கம். நம் முன்னோர் படைக்குச் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசினார்கள். அதற்கு வண்டுகொல்லி என்றே இன்னொரு பெயர். என் பாட்டி எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் போடுவார், எங்களுக்குக் குணமானது. இவ்வளவு மாத்திரைகளுக்குப் பதில் அதை ஏன் முயலக்கூடாது?

பொதிகைச்சாரல் எழுதியது:

சீமை அகத்தியைக் குறைத்துப் பேசமாட்டேன். அந்த இலையில் உள்ள கிரைசோஃபானிக் அமிலம் போன்ற பொருள்களுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை உண்டு. புதிதாக வந்த ஒற்றைப் படையில் உங்கள் பாட்டிக்குப் பலன் கிடைத்திருக்கலாம். ஆனால் அன்றைய பூஞ்சை வேறு, இன்றைய பூஞ்சை வேறு. ஸ்டீராய்டால் மெலிந்த தோலும் வேறு. அந்தத் தோலில் எலுமிச்சைச் சாற்றையோ பச்சைப் பூண்டையோ வைத்து, கொதிநீர் பட்டதைப்போலக் கொப்புளித்து வருகிறவர்களை நான் பார்க்கிறேன். பூண்டை நசுக்கி வைத்துக் கட்டும் வழக்கத்தை எல்லோரும் விட்டுவிட வேண்டும். சித்த மருத்துவம் பார்க்க விரும்புகிறவர்கள் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். பெயர் எழுதாத டப்பாவில் 'மூலிகைக் களிம்பு' என்று விற்பதை வாங்காதீர்கள். ஒரே இரவில் அரிப்பை நிறுத்தும் பெயரில்லாக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும்.

செங்காந்தள் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு நேர்ந்தது படர்தாமரை அல்ல, ஆனால் களிம்பு அதே குடும்பம்தான். கல்லூரி முடித்த ஆண்டில், மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்று முகம் வெளுக்க ஒரு களிம்பை உறவினர் ஒருவர் வாங்கித் தந்தார். ஒரு மாதத்தில் முகம் பளபளவென்று ஆனது. எல்லோரும் பாராட்டினார்கள். நிறுத்தினால் இரண்டாம் நாள் முகம் நெருப்புப் பட்டதுபோல் எரிந்து சிவந்து, பொடிப்பொடியாகப் பருக்கள் கிளம்பும், பூசினால் அடங்கும். இப்படி மூன்று ஆண்டுகள். கன்னத்தில் மெல்லிய இரத்தக்குழாய்கள் சிலந்தி வலை போலத் தெரிந்தன, மேலுதட்டில் முடி வளர்ந்தது, வெயிலில் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை. மருத்துவர் டியூபைப் பார்த்துவிட்டு, அதில் ஸ்டீராய்டும், நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோனும், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த டிரெட்டினாயினும் இருப்பதாகச் சொன்னார். அதை விட்டு மீள எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. முதல் இரண்டு மாதங்கள் கண்ணாடி பார்க்கவே அஞ்சினேன். என் நிறம் எனக்குப் போதும் என்று அன்றைக்கு யாராவது என் பக்கம் நின்று சொல்லியிருந்தால் அந்த மூன்று ஆண்டுகள் எனக்கு மிஞ்சியிருக்கும்.

பொதிகைச்சாரல் எழுதியது:

சகோதரி, எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்ன மூன்றும் சேர்ந்த களிம்பு, முகத்தில் வரும் மங்கு என்ற கருந்திட்டுக்குச் சில வாரங்கள் மட்டும், மருத்துவர் பார்வையில் பூசுவதற்கானது, முகப்பூச்சு அல்ல. உங்களைப் போலச் சிக்கிக்கொண்டவர்கள் இந்தியாவில் எத்தனையோ பேர் இருப்பதால், ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்ற பொருளில் இதற்கொரு நோய்ப்பெயரையே நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் உண்டாக்கினார்கள். படிப்பவர்கள் யாரேனும் இப்படிப் பழகியிருந்தால் திடீரென்று தாமாக நிறுத்தித் தவிக்க வேண்டாம். எரிச்சலைத் தாங்கும் வழிகளோடு படிப்படியாக மீட்டுத்தர மருத்துவரால் முடியும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு நஞ்சு என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். 1952ஆம் ஆண்டில் ஹைட்ரோகார்ட்டிசோன் பூச்சாக வந்தபோது, கரப்பான் (எக்சிமா) என்ற தோல்நோயால் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு அது விடுதலையாக இருந்தது. கரப்பானுக்கும், காளாஞ்சகப்படை எனும் சொரியாசிஸுக்கும் இன்றும் அதை எழுதுகிறேன். எந்த வலிமை, எந்த இடம், எத்தனை நாள் என்று எழுதிக்கொடுக்கிறேன். பயந்துபோய்க் குழந்தையின் கரப்பானுக்கு மருத்துவர் தந்ததைப் பூசாமல் விடுவதும் தவறுதான்.

கெடிலக்கரையான் எழுதியது:

என் மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் இரவில் தூங்காமல் சொறிந்தான். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிகள். நாங்களும் இதே போன்ற ஒரு டியூபைத்தான் வாங்கிப் பூசினோம். இப்போது எனக்கும் என் தாயாருக்கும் அரிப்பு வந்துவிட்டது. இதுவும் படர்தாமரையா அம்மா?

பொதிகைச்சாரல் எழுதியது:

நீங்கள் சொல்லும் இடங்களும், இரவில் கூடும் அரிப்பும், வீட்டில் ஒருவர்பின் ஒருவராக வருவதும் சொறிசிரங்கைக் காட்டுகின்றன. நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இது பூஞ்சை அல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவில் சிறிய ஒரு பூச்சி. பெண்பூச்சி மேல்தோலில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். இதற்குப் பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நக இடுக்கும் விடாமல், இரவில் பூசிக் காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வீட்டில் அரிப்பு இல்லாதவர்களும் அதே இரவில் பூச வேண்டும், ஏனென்றால் முதல்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். படுக்கை விரிப்பு, துணிகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். அலச முடியாதவற்றைப் பையில் கட்டி நான்கைந்து நாள் ஒதுக்கி வையுங்கள், மனித உடலை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். கைக்குழந்தையும் கர்ப்பிணியும் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பாலாற்றங்கரை எழுதியது:

வேலூர் மாவட்டத்தில் தொழுநோய்ப் பணியில் முப்பது ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எல்லாவற்றுக்கும் ஒரே டியூப் என்ற பழக்கத்தால் இன்னொன்றும் நடக்கிறது. வெளிறிய திட்டைத் தேமல் என்று நினைத்துக் களிம்பு பூசிக்கொண்டே ஓராண்டு, இரண்டாண்டு கடத்திவிட்டு, விரல் மடங்கிய பிறகு வருவார்கள். தேமலில் மெல்லிய செதில் இருக்கும், உணர்ச்சி போகாது. தொழுநோய்த் திட்டில் அரிப்பே இருக்காது. பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாது, பல சமயம் அந்த இடம் வேர்ப்பதில்லை, முடி உதிர்ந்திருக்கும். அரிக்காத திட்டைத்தான் நாங்கள் அதிகம் கவனிப்போம். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். நல்ல தோலில் தொடும்போதெல்லாம் சரியாகக் காட்டியவர், திட்டின் மேல் தொடும்போது சும்மா காத்துக்கொண்டிருப்பார். 'இன்னும் தொடவில்லையே' என்பார். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. நோய் நாட்டளவில் கட்டுப்பட்டதாக 2005ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தாலும் புதிய நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ எடுத்தால் முற்றிலும் குணமாகும்.

நொய்யல்கரை எழுதியது:

டாக்டர் அம்மா சொன்னபடி நால்வரும் கோவையில் ஒரு தோல் மருத்துவரைப் பார்த்தோம். மூன்று பேருக்குச் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இருந்தது; மகளுக்கு இல்லை. என் கண்ணையே நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள், அம்மா எழுதியதைப் போலவே நூல் நூலாக இருந்தது. எனக்கும் மனைவிக்கும் மாத்திரை, மகனுக்குப் பூச்சு மட்டும். முதல் பத்து நாள் மிகவும் சிரமப்பட்டேன். ஸ்டீராய்டு இல்லாததால் அரிப்பு முன்பைவிட அதிகமாகி, பழைய டியூபை எடுத்துவிடலாமா என்று இரண்டு இரவுகள் தோன்றியது. மனைவி அதைக் குப்பையில் போட்டுவிட்டாள்.

துணி விஷயத்தில் ஒரு ஐயம். எல்லோருடைய துணியையும் ஒரே வாளியில் ஊறவைப்பதுதான் எங்கள் வழக்கம். அதனால் பரவுமா? என் அம்மாவுக்கு இன்னொரு வருத்தம்: மருத்துவர் என் அரைஞாண் கயிற்றையும், மகனின் கயிற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார்.

பொதிகைச்சாரல் எழுதியது:

பரவும். உதிரும் செதிலோடு பூஞ்சை வித்துகள் துணியில் ஒட்டிக்கொண்டு பல நாள் உயிரோடு இருக்கும். உங்கள் மூவரின் உள்ளாடை, துண்டு, லுங்கி ஆகியவற்றைத் தனி வாளியில், கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்து அலசி, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். அயர்ன் உங்கள் தொழிலே ஆயிற்றே, உள்ளாடையின் இடுப்புப் பட்டி, தொடை விளிம்பு இரண்டின் உட்புறத்திலும் சூடாகத் தேய்த்துப் போடுங்கள். ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு. இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்து, மடிப்புகளை நன்றாகத் துடைத்து உலரவிட்டு மாற்றுத்துணி உடுத்துங்கள்.

கயிற்றைக் கழற்றச் சொன்னது சரிதான். எப்போதும் ஈரமாக, தோலோடு ஒட்டியபடியே கிடக்கும் பஞ்சுக் கயிறு பூஞ்சைக்கு நல்ல புகலிடம். கையில் கட்டும் மந்திரித்த கயிற்றுக்கும் இது பொருந்தும். உங்கள் அம்மாவின் மனம் எனக்குப் புரிகிறது, குணமாகும் வரையில் என்று சொல்லிப் பாருங்கள்.

வைகைவாசி எழுதியது:

ஒரு செய்தி சொல்லிக்கொள்கிறேன். இப்போது நான் வேலை செய்யும் கடையில் உரிமையாளரிடம் பேசி, ஸ்டீராய்டுக் கலவைகளைக் கைக்கெட்டும் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். சீட்டு இல்லாமல் கேட்டால் தருவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் உண்டு. 'ஏன் தரமாட்டேன் என்கிறாய்' என்று நின்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களிடம் டியூபைக் கையில் கொடுத்துப் பெயரைப் படித்துக் காட்டுகிறேன்.

நொய்யல்கரை எழுதியது:

ஒன்பது வாரம் ஆகிறது. படை எங்கும் இல்லை; வந்த இடங்களில் கருமை மட்டும் இருக்கிறது, அது மெல்லப் போகும் என்றார்கள். தொடைக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. மனைவிக்கு இடுப்பில் சுத்தமாகிவிட்டது, ஆனாலும் மருத்துவர் மாத்திரையை இன்னும் இரண்டு வாரம் நீட்டியிருக்கிறார். மகனின் கழுத்தில் இருந்த இடமே தெரியவில்லை. என் பிரிவில் வேலை செய்யும் பையன்களில் ஆறு பேருக்கு இதே தொந்தரவு இருப்பதை, நான் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் அவர்களும் வாய் திறந்து சொன்னார்கள். ஆறு பேரின் பையிலும் டியூப் இருந்தது. உணவு இடைவேளையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தோம், ஐந்தில் குளோபெட்டசால், ஒன்றில் பீட்டாமெத்தசோன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்களை அதே மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்.

என் அம்மா ஒருவழியாகச் சமாதானமாகிவிட்டார். பேரனுக்குக் கயிற்றுக்குப் பதிலாக வெள்ளியில் அரைஞாண் வாங்கிவந்து, குளிக்கும்போது அதைக் கழற்றி அவரே சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கட்டிவிடுகிறார். நேற்று வீட்டில் கத்திரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தோம்.